இரண்டாவது டாங்கி

காக்காவின் மருந்து டாங்கிக்கு ஒரு தோள்பட்டிதான் ஒழுங்காக இருந்தது. மற்றது எப்போதோ அறுந்துபோக, அதன் இடத்தில் மீன்வலைக் கயிற்றை மூன்று புரியாக முறுக்கிக் கட்டியிருந்தார். கயிறு தோளை அறுக்காமல் இருப்பதற்காக, பழைய பனியன் துணி ஒன்றை அதைச் சுற்றி நெருக்கமாகத் தைத்திருந்தார். அந்த டாங்கியை முதுகில் ஏற்றிக்கொண்டு, இடது கையால் பிடியை மேலும் கீழுமாக அடித்தபடி அவர் நடக்கும்போது 'களக், களக்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பின்னால் மெல்லிய தூறலின் இரைச்சல். மற்றவர்களைப் போல முன்னோக்கி நடந்து மருந்து அடிக்கமாட்டார். பின்பக்கமாகவே நடப்பார். அடித்த புல்லைத் தானே மிதிக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. முகத்தைத் துவாயால் சுற்றிக் கட்டி, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, ஒரு மனிதர் எங்கள் முற்றத்தில் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருக்கும் காட்சி எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் எங்காவது அந்தக் களக் களக் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் காக்காதான். கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம்கள் மூத்த சகோதரரை அப்படித்தான் அழைப்பார்கள். என் கணவரின் தந்தை, நான் மாமா என்று அழைத்தவர், அவரைக் 'காக்கா' என்பார். அவரோ மாமாவை 'அண்ணன்' என்பார். ஆளுக்காள் மற்றவரை மூத்தவராக்கிக்கொண்டு ஏறக்குறைய முப்பது வருடம் பழகியிருக்கிறார்கள். உண்மையில் யார் மூத்தவர் என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு பேருமே பிறந்த வருடத்தைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். பாலம் கட்டப்படாத காலத்தில், கிண்ணியாவுக்குப் போகும் படகுக்காகக் காத்து நின்ற வரிசையில் யாரோ ஒருவர் இடித்துக்கொண்டு முன்னே போக, அந்த ஆளை இருவருமாகச் சேர்ந்து ஏசியதில் தொடங்கிய நட்பு அது. மாமா துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காக்கா வயல்களுக்கு மருந்து அடிப்பவர். வயல் வேலை குறைந்த நாட்களில் நகரத்து வளவுகளில் களைநாசினி அடிக்க வருவார். வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று கட்டியிருக்கும். போகும்போது அதே கயிற்றில் எங்கள் மாம்பழங்கள் ஒரு பையில் தொங்கும்.

வேலை முடிந்ததும் அவர் உடனே போகமாட்டார். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை மூன்று தரம் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு விறாந்தைக்கு வந்து கதிரையில் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே துறைமுகத்துத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். அதில் நிற்கும் கப்பல் என்ன ஏற்றி வந்திருக்கும் என்று இரண்டு பேரும் வாதாடுவார்கள். மாமா கோதுமை என்றால் காக்கா சீமெந்து என்பார். பதில் ஒரு நாளும் தெரியவராது. தெரிந்துகொள்ள அவர்கள் முயன்றதாகவும் எனக்கு நினைவில்லை. மனைவியை இழந்த மாமாவுக்கு, வாய் நிறையக் கதைப்பதற்கு அந்த ஒரு ஆள்தான் இருந்தார். பிள்ளைகளோடு அவர் கதைத்ததெல்லாம் சாப்பாடு, பல்பு, கேற்றுப் பூட்டு இவ்வளவுதான்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது மாமி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமியின் கைப்பழக்கங்களை மாமா சட்டம் போலக் காப்பாற்றிவந்தார். அதில் முதலாவது வெள்ளிக்கிழமைத் தண்ணீர். வெள்ளிக்கிழமை பின்னேரம், விளக்கு வைப்பதற்கு முன், படியிலிருந்து கேற்று வரை முற்றத்தைக் கூட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிக்க வேண்டும். நான் பிறந்த உப்புவெளி வீட்டிலும் செய்வோம்தான், ஆனால் அம்மா அலுப்பாக இருந்தால் ஒரு செம்புத் தண்ணீரோடு முடித்துவிடுவார். இங்கே அந்தச் சலுகை கிடையாது. மாமா கேற்றடியில் நின்று கண்ணால் அளப்பார். காய்ந்த இடம் ஒரு முழம் தெரிந்தாலும் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்குப் பயந்து நடுங்கிய மருமகள் நான். இதை இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

அந்த வருடம் மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் தங்கைக்கு, சம்பந்தம் சரிவந்தது. கலியாணம் பிறகு, எழுத்து என்று நாங்கள் சொல்லும் திருமணப் பதிவை மட்டும் வீட்டிலேயே சிறிதாகச் செய்வோம் என்று முடிவானது. சிறிதாக என்று சொன்ன மாமாவின் தலைக்குள் பெரிதாக ஒன்று புகுந்துகொண்டது. முற்றம் முழுவதும் புதுப்புல் பதிக்க வேண்டும், அதன்மேல் மேசை போட்டு எழுத்து நடக்க வேண்டும். பாய் போலச் சுருட்டி லொறியில் வருகிற புல், மலேசியன் புல் என்று கடைக்காரர்கள் சொல்வது, அதை எங்கோ ஒரு விருந்தினர் விடுதியில் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே கதைத்தார். எங்கள் முற்றத்தில் இருந்ததோ கோரை. பார்ப்பதற்குப் பச்சையாக, சாதுவாக நிற்கும். பிடுங்கினால் கையோடு வந்துவிடும். வந்ததும் நமக்கு ஒரு பெருமை. ஒரு கிழமையில், ஏழே நாளில், அதே இடத்தில் மூன்றாக நிற்கும். மண்ணுக்கு அடியில் கறுப்புக் கறுப்பாகச் சிறு கிழங்குகள் கோத்துக்கொண்டு கிடக்கின்றன, அவை சாகாமல் கோரை சாகாது. அதன்மேல் எந்தப் புல்லைப் பதித்தாலும் ஊசியால் குத்தியது மாதிரித் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

மாமா தொலைபேசியில் அழைக்க, காக்கா வந்தார். வந்தவர் டாங்கியை இறக்கவே இல்லை. அவர் வருவதற்கு முதல் நாள் மாமா, வேலை சுலபமாகட்டும் என்று, ஆளைப் பிடித்து முற்றத்துக் கோரை முழுவதையும் ஒட்ட வெட்டுவித்திருந்தார். காக்கா குனிந்து வெட்டுப்பட்ட நுனிகளைத் தடவிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன வேல அண்ணன் பாத்து வெச்சிருக்கீங்க? எலையாலதானே அது மருந்தக் குடிக்கிற. வாய வெட்டிப்போட்டுச் சோறு தீத்தச் சொல்றீங்க."

"அப்ப என்ன செய்யிறது காக்கா? எழுத்துக்கு நாள் குறிச்சாச்சு."

"வளரட்டும். நல்லாத் தண்ணி ஊத்தி வளத்து வைங்க. மூணு கிழம கழிச்சு வாறன்."

கொல்லப்போகிற புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த குடும்பம் திருகோணமலையில் நாங்களாகத்தான் இருப்போம். மாமா தினமும் காலையில் குழாய் பிடித்தார். ரோட்டால் போகிறவர்கள் "நல்ல செழிப்பா நிக்குது" என்று சொல்ல, என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டினார். மூன்று கிழமை முடிந்தபோது நாள் நெருங்கிவிட்டது. காக்காவுக்குத் தோப்பூரில் வயல் வேலை தொடங்கியிருந்தது. அவருக்குக் கிடைத்த ஒரே இடைவெளி ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கமாகக் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறவர், ஜும்மாத் தொழுகைக்குப் போக வேண்டியிருந்ததால், தொழுகை முடித்துப் பின்னேரம் வருவதாகச் சொன்னார். மாமா சரி என்றார். அவருடைய வெள்ளிக்கிழமையும் எங்களுடைய வெள்ளிக்கிழமையும் ஒரே முற்றத்தில் சந்திக்கப் போகின்றன என்று இருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டேமுக்காலுக்குத் தொடங்கினார். முதல் டாங்கியை மாமரத்தடியிலிருந்து கிணற்றுப் பக்கம் வரை அடித்தார். அது முடிந்ததும் குழாயடிக்குப் போய் இரண்டாவது டாங்கிக்குத் தண்ணீர் பிடித்தார். அந்த நேரம் பார்த்து நான் குசினி வாசலில் நின்று, "காக்கா, தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து குடித்தார். மாமாவுடன் கப்பல் கதை கொஞ்சம். பிறகு எழுந்து போய் டாங்கியைத் தூக்கி, படியிலிருந்து கேற்று வரையான முன்பக்கம் முழுவதையும் அடித்து முடித்தார். நாலு மணி இருக்கும். போகும்போது மாமாவிடம், "ஆறு மணித்தியாலத்துக்கு மழ விழாட்டிப் போதும் அண்ணன்" என்று சொன்னது குசினியிலிருந்த எனக்கும் கேட்டது. நான் யன்னலால் வானத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு முகில் இல்லை.

ஐந்து மணிக்கு மாமா கதிரை வாடகைக்குப் பேச நகரத்துக்குப் போனார். போகும்போது, மாப்பிள்ளை வீட்டார் இடம் பார்க்க ஏழு மணிபோல வருவார்கள், முற்றத்தைக் கவனி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கவனித்தேன். வெள்ளிக்கிழமை, அதோடு வரப்போகிறவர்கள் புதுச் சம்பந்தி வீட்டார். வழக்கமாக இரண்டு வாளி தெளிப்பவள் அன்று நாலு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்தேன். படியிலிருந்து கேற்று வரை, பாதைக்கு இரண்டு பக்கமும், புல்லின்மேல் படிந்திருந்த புழுதியெல்லாம் இறங்கும்படி அள்ளி அள்ளி வீசினேன். கோரை இலைகளில் மஞ்சள் துளிகள் நின்று மினுங்கியது அழகாக இருந்தது. மழை என்ற சொல்லும் என் கையிலிருந்த தண்ணீரும் என் மூளைக்குள் இரண்டு வேறு அலுமாரிகளில் கிடந்தன. மாமா வந்து பார்த்தார், அவருக்கும் அது உறைக்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை. அன்று நான் பெருமையோடுதான் விளக்கு வைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் மாமரத்தடிக் கோரை மஞ்சளாகி, பிறகு தும்பு போலக் காய்ந்து விழுந்தது. முன்பக்கத்துக் கோரை நுனி மட்டும் லேசாக வெளிறி, மற்றபடி உல்லாசமாக நின்றது. மாமா காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். பதினைந்தாம் நாள் காக்காவை வரச் சொன்னார். தோப்பூர் வயலிலிருந்து, காலில் சேறு காயாமல் அவர் வந்து நின்றார். நான் விறாந்தையில் தட்டோடு நின்றேன். அந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பச்சை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நன்றாகத் தெரிந்தது. படியில் நின்று ஒரு பெண் கை வீசினால் தண்ணீர் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். பிறகு நடந்து நடந்து வீசினால் எப்படி விழுமோ அப்படி, கேற்று வரைக்கும். அது என் நாலு வாளித் தண்ணீர் விழுந்த இடம்.

மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் வேறொன்றைப் பார்த்தார். "முதலாம் டாங்கி அடிச்ச இடம் செத்துப்போச்சு. ரெண்டாம் டாங்கி அடிச்ச இடம் சாகேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ காக்கா, ரெண்டாம் டாங்கிக்கு மருந்து ஊத்தினனீங்களோ?"

காக்கா முற்றத்தைப் பார்த்தார், குழாயடியைப் பார்த்தார். கண்ணை ஒருகணம் மூடித் திறந்தார். "ஊத்தின எண்டுதான் நெனைக்கன் அண்ணன்."

"நினைக்கிறீங்களோ? அப்ப சத்தியம் பண்ணுங்கோ."

"தண்ணி புடிச்ச ஞாபகம் இரிக்கி. தேத்தண்ணி குடிச்ச ஞாபகம் இரிக்கி. மருந்து ஊத்தினது, எண்ட கைக்குத் தெரியும், ஆனா கண்ணுக்குள்ள வருதில்ல. தெளிவில்லாத ஒண்டுக்கு நான் எப்பிடி அண்ணன் சத்தியம் பண்ணுற?"

வேறு எவராக இருந்தாலும், ஐயோ ஊத்தினேன், என் பிள்ளை மேல் சத்தியம் என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். மாமாவும் நம்பி, கடைக்காரன் தந்த மருந்தில் குறை என்று சொல்லிக் கதையை முடித்திருப்பார். காக்கா நேர்மையான மனிதராக இருந்ததுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. சத்தியம் பண்ண மறுத்ததையே மாமா ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். "முப்பது வருசப் பழக்கம். வெறுந் தண்ணியை அடிச்சுப்போட்டுப் போயிருக்கிறீங்கள்" என்றார். திரும்பவும் அடித்துத் தருகிறேன், இன்றைக்கே, என்று காக்கா இரண்டு தரம் சொன்னார். தேவையில்லை, ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாமா. நான் கொண்டுவந்த தேத்தண்ணியை அன்று யாரும் எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டியவர், அதை நான் சாத்தப் போனபோது என்னைப் பார்த்து, "வாறன் புள்ள" என்று மட்டும் சொன்னார். வாய் திறப்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. நான் கேற்றின் கொளுக்கியை மாட்டினேன்.

பிறகு நடந்தது பெரிய கூத்து. இன்னொருவரைப் பிடித்து மருந்து அடித்துக் காத்திருக்க நாள் இல்லை. மாமா மூன்று ஆட்களை விட்டு முன்பக்கத்தை மண்வெட்டியால் கொத்துவித்தார். கோரைக் கிழங்கை மண்வெட்டியால் கொத்துவது அதற்கு விதை போட்டுக் கொடுப்பதற்குச் சமம். ஒன்று கிடந்த இடத்தில் நாலு துண்டு. அதன்மேல் மணல் பரவி, லொறியில் வந்த புல்லைச் சதுரம் சதுரமாகப் பதித்தார்கள். எழுத்து நடந்த அன்று, மாப்பிள்ளையின் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு ஆசையாகப் புல்லில் கால் வைக்க, "குத்துது" என்று சொல்லிக்கொண்டு காலைத் தூக்கினார். படியிலிருந்து கேற்று வரை, பச்சை ஊசிகள் புதுப் புல்லைக் கிழித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றன. எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். ஆட்கள் போன பிறகு அந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே, "கிண்ணியாக்காரர் தந்த சீதனம்" என்றார். காக்கா என்ற சொல்லை அதன் பிறகு அவர் வாயால் நான் வெகுகாலம் கேட்கவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை? வந்து ஒரு வருடம் ஆகாத மருமகள், மாமனாரின் கோபம், மச்சாளின் நல்ல காரியம் என்று முதல் மாதம் நல்ல நல்ல காரணங்கள் கைவசம் இருந்தன. எழுத்து முடியட்டும் என்றேன். கலியாணம் முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகு சொல்ல நினைத்தால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று புதுப் பயம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட ஒரு சொல் இருந்த இடத்திலேயே கிடந்து கனத்துக்கொண்டு போகும் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் கந்தோரில் கோப்பு ஒன்று தொலைந்தால் உடனே போய் மேலதிகாரியிடம் சொல்லிவிடுகிற ஆள் நான். வீட்டில் என் நாக்கு எங்கே போயிற்று என்று எனக்கே விளங்கவில்லை.

விறாந்தையில் இரண்டாவது கதிரை இருந்தபடி இருந்தது. மாமா மட்டும் உட்கார்ந்து கப்பலைப் பார்ப்பார். ஒருநாள் நான் போய், "இது என்ன ஏத்தி வந்திருக்கும் மாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "எனக்கென்ன தெரியும்" என்றார். சந்தையில் கிண்ணியாத் தயிர் வாங்கி வைத்தால் சாப்பிடமாட்டார். புளிப்பு என்பார். புளிப்பில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலும் காக்கா எங்கள் தெருவுக்கு வரவில்லை. வெறுந் தண்ணீர் அடித்த கதை அயலில் பரவியிருந்தது. மாமாதான் பரப்பினார், வேண்டுமென்று இல்லை, ஆற்றாமையில். நாலு வீட்டில் வேலை இருந்த மனிதருக்கு அந்த நாலும் போயிற்று. ஒன்பது வருடம் இப்படியே போயிற்று.

கடைசி நாட்களில் மாமா கட்டிலோடு கிடந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்று கிளம்பியது. "ஆர் காக்காவோ?" என்று கேட்டார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். குரலில் கோபம் எதுவும் இருக்கவில்லை. நான் இல்லை மாமா, தபால்காரர் என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம் போதும். கஞ்சிக் கரண்டி கையில் இருந்தது, அவர் முகம் அவ்வளவு மெலிந்திருந்தது, நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். எட்டு நாளில் போய்விட்டார். செத்த வீட்டுக்குக் காக்கா வந்தார். உள்ளே வரவில்லை, ரோட்டில் போட்டிருந்த கூடாரத்தின் ஓரத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குசினி யன்னலால் பார்த்தேன். வெளியே போக என் கால் வரவில்லை. பெட்டி தூக்குவதற்கு முன் அவர் போய்விட்டார்.

மாமா போய் நாலு வருடத்துக்குப் பிறகு, போன மாதம், எங்கள் முற்றத்துக்குத் திரும்பவும் புதுப்புல் பதிக்க முடிவு செய்தோம். கோரை அவ்வளவு காலமும் அங்கேதான் இருந்தது. மருந்து அடிக்க வந்தவர் நிலாவெளியைச் சேர்ந்தவர், வயது நாற்பதுக்குள் இருக்கும். டாங்கியை இறக்கி வைத்துவிட்டு முதல் கதையாக, "அக்கா, விளக்கு வைக்கிற நேரம் தண்ணி தெளிக்கிற பழக்கம் இருக்கோ? இண்டைக்கு ஒரு நாளைக்கு விட்டுடுங்கோ. எங்கட சனத்திட்ட இதைச் சொல்லாட்டி மருந்தைக் கழுவி ஊத்திப்போட்டு எங்களைத்தான் ஏசுவினம்" என்று சிரித்தார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தொழில்காரர்களுக்கு இன்று இது பகிடியாகச் சொல்கிற சாதாரணச் சங்கதி. எங்கள் வீட்டில் இது ஒரு மனிதரைக் கள்ளனாக்கியது. அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "காக்கா இன்னும் இருக்கிறார் எண்டுதான் கேள்வி" என்றார்.

அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். பாலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. பதின்மூன்று வருடமாக நான் கடக்காத இரண்டு நிமிடம். சந்தியில் கேட்டேன், மருந்தடிக்கிற காக்கா வீடு என்று. சிறு பெண் ஒருத்தி கூட்டிக்கொண்டு போய் விட்டாள். காக்கா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தாடி முழுவதும் வெள்ளை. கண் முன்போல் தெரிவதில்லை என்று அவருடைய மனைவி சொன்னார். இன்னார் மருமகள் என்று சொன்னதும், "இரிங்க மகள், இரிங்க" என்று எழும்பப் பார்த்தார். வழியெல்லாம் நான் கட்டிக்கொண்டு வந்த முன்னுரை ஒன்றும் வாயில் வரவில்லை.

"காக்கா, நீங்கள் மருந்து ஊத்தினனீங்கள். நான்தான் அதுக்கு மேல தண்ணி தெளிச்சனான். வெள்ளிக்கிழமைத் தண்ணி. மாமாவுக்கு அது பிடிபடவேயில்லை, நானும் சொல்லேல்லை."

விளங்காமல் பார்த்தார். முதலிலிருந்து சொன்னேன், ஜும்மா முடிந்து அவர் வந்தது, தேத்தண்ணி, சம்பந்தி வீட்டார், மஞ்சள் தண்ணீர். கேட்டு முடித்துவிட்டு, "எத்தின வாளி?" என்றார்.

"நாலு."

"எத்தின மணிக்கு?"

"ஆறடிக்க முன்னம்."

விரல்களை மடக்கினார். நாலு, ஐந்து, ஆறு. மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே திரும்பி, "இங்க ஒருக்கா வாங்க" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் கதவடியில் வந்து நின்றதும், "இந்த மகள் சொல்றதக் கேளுங்க. நான் ஊத்தித்தான் இரிக்கன்" என்றார். "மகள், இவவுக்கும் ஒருக்காச் சொல்லுங்க." நான் திரும்பவும் சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்குப் பொறகு இவருக்கு இவர்ட கையிலயே நம்பிக்க இல்லாமப் போச்சு மகள்," என்றார். "டாங்கிக்கு மருந்து ஊத்தின ஒடன ஒரு கல்லெடுத்துச் சாரத்து மடியில போட்டுக்குவாரு. பின்னேரம் வந்து கல்ல எண்ணி எனக்கிட்டக் காட்டுவாரு. தொழக்குள்ளயும் எத்தின தொழுத எண்டு சந்தேகம் வந்து மறுகாத் தொழுவாரு. கடைசில மருந்தடிக்கிற வேலயே வாணாம் எண்டு விட்டுட்டாரு."

அதைக் கேட்டபின் அழாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒரு வேலையை இழந்தார் என்று மட்டும்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஏன் மகள் சொல்லவில்லை என்று காக்கா கேட்டார். மாமா ஏசுவார் என்று பயம் என்றேன். நாற்பத்துமூன்று வயதுக்காரி, தலைமை எழுதுவினைஞர், அப்படித்தான் சொன்னேன். அவர் சிரித்தார். பழைய சிரிப்பு.

"ஏசியிருப்பார்தான். ரெண்டு நாளைக்கு. மூணாம் நாள் எனக்குப் போன் எடுத்து, காக்கா ஒரு தயிர்ச் சட்டியோட வாங்கோ எண்டிருப்பார்."

அது உண்மை என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. மாமாவின் கோபம் இரண்டு நாளைத் தாண்டியதே இல்லை. இரண்டு நாள் ஏச்சு. அதற்குப் பயந்துகொண்டு அவர்கள் இருவரிடமிருந்தும் ஒன்பது வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். கையைக் கூப்பி, என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ காக்கா என்றேன்.

அவர் என் கைகளை இறக்கிவிடும்படி சைகை காட்டினார். ரோட்டால் போன லொறியின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"எண்ட பங்க நான் இப்பவே மன்னிச்சிட்டன் மகள்," என்றார். "அண்ணன்ட பங்கு ஒண்டு இரிக்கே. அத நான் எப்பிடித் தாற?"